ராசிக்கால் தாரணி

போட்டோவில் மாப்பிள்ளையின் ஒரு கை மட்டும் எப்போதும் பேண்ட் பாக்கெட்டிலேயே இருக்கிறதா? நேரில் போய் அந்தக் கையில் ஒரு டீ டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள். கல்யாணத் தரகுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான். வாட்ஸப்பில் ஜாதகத்தைத் தட்டிவிட்டுக் கமிஷனுக்குக் காத்திருக்கிற ஆட்கள் நீங்கள். என் முழங்கால் இரண்டும் தேய்ந்தது வீடு வீடாகப் படி ஏறியதால்தான்.

தரகுக்கு வருவதற்கு முன்னால் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, நூல் பிரிந்தது என்று பார்த்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அங்கே கூட வேலை பார்த்த பெண்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கப்போய் அதுவே பிழைப்பாகிவிட்டது. அந்தச் செக்கிங் கண் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மனுஷரிடமும் முதலில் ஓட்டையைத்தான் தேடும். கெட்ட கண்தான், ஆனால் தொழிலுக்கு உதவியது.

விரல் கூடியோ குறைந்தோ பிறப்பது ஒன்றும் உலகத்தில் இல்லாத விஷயம் இல்லை. நான் வரன் பார்த்த ஆட்களிலேயே சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் குட்டி விரல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தவர் உண்டு. பிறந்ததிலிருந்து கையில் நாலே விரல் உள்ள ஒருவர் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்து மிஷின்காரனுக்கு மூச்சு வாங்கும். அவர்களுக்கெல்லாம் அது கை, அவ்வளவுதான். வியாதி பிடித்தது சுற்றி இருப்பவர்களுக்கு. அம்மாக்காரி முந்தானையைப் போட்டு மூடுவாள், மாமன்காரன் பேச்சை மாற்றுவான், தரகன் எச்சில் விழுங்குவான்.

தாரணியின் விஷயத்தைச் சொல்கிறேன். உங்களில் யாராவது இதை வேறு மாதிரிக் கேள்விப்பட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

தாரணி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனிடம் போனில் இங்கிலீஷில் சண்டை போட்டு, சரக்கு அனுப்ப இன்னும் பத்து நாள் வாங்கிவிட்டுத்தான் போனை வைப்பாள். அப்பா இல்லை. அம்மா அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுப்பவர். பெண்ணுக்குப் படிப்பு, சம்பளம், லட்சணம் எல்லாம் இருந்தது. வலது காலில் விரல் ஆறு. பெருவிரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெருவிரல், நகமும் சதையுமாக, நானும் இருக்கிறேன் என்று நிற்கும். நடை, ஓட்டம் எதிலும் குறையில்லை. சின்ன வயதில் பார்த்த டாக்டர், தொந்தரவு தராதவரைக்கும் அதன்பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அவள் அம்மாவுக்கு மட்டும் அது நெஞ்சில் கிடந்த கல். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் புடவைக் கொசுவத்தைத் தரையைக் கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டிவிடுவார். அப்படி மறைத்து ஒரு வரன் நிச்சயம்வரைக்கும் வந்தது. நிச்சயத்தன்று காலுக்கு நலங்கு வைக்கும்போது யாரோ பார்த்துவிட்டுப் பந்தியிலேயே பேச்சைக் கிளப்பி, எல்லாம் முறிந்துபோனது. அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். அம்மா பேசிக்கொண்டே இருந்தார். மகள் குறுக்கே ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"முதல்லயே சொல்லிடுங்கக்கா. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. கேட்டுட்டு வர்றவங்க வந்தாப் போதுமுங்க."

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று நம் தொழிலுக்கே ஒரு பழமொழி செய்து வைத்திருக்கிறார்கள். செய்தவன் தரகனாக இருக்க மாட்டான். அந்த ஆயிரத்தில் ஒன்று வெளியே வந்தாலும் விடிவது நம் தலையில்தான்.

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பையனுக்குப் பெண் தேடினார்கள். பையன் பெயர் பிரபு. பண்ணை வேலை மொத்தமும் அவன் தலையில். அதிகம் பேச மாட்டான், அப்பா எதிரில் சுத்தமாகப் பேச மாட்டான். நான் அவன் அப்பாவைத் தனியாக உட்கார வைத்து விரல் விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். குழந்தைக்கும் வருமா என்று கேட்டார். சில குடும்பத்தில் வருமாம், சிலதில் வராதாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், வந்தாலும் ஒன்றும் முழுகிப் போகாது என்றேன். மீசையைத் தடவிக்கொண்டார். "செரி அம்மிணி, ஊட்டுல நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அந்தப் பக்குவம் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் மனைவிக்குக் குறை என்ற வார்த்தையே ஆகாது. அதனால் மனுஷர், ஆறு விரல் உள்ள பெண் காலெடுத்து வைக்கிற வீட்டில் லட்சுமி இறங்குவாள் என்று ஒரு போடு போட்டுவிட்டார். அந்த அம்மா பெண் பார்க்க வந்தபோது பலகாரத் தட்டைக்கூடக் கையில் வாங்கவில்லை. நேரே குனிந்து தாரணியின் காலைப் பார்த்தார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "ராசிக்கால் கண்ணு உனக்கு" என்றார். தாரணியின் அம்மா அழுதே விட்டார். நான் வாயை மூடிக்கொண்டு கேசரி சாப்பிட்டேன். கல்யாணம் தானாகக் கூடி வருகிறபோது எந்தத் தரகி குறுக்கே பேசுவாள்?

நிச்சயம் முடிந்த கையோடு கறிக்கோழி விலை ஏறியது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்த வீட்டில் பனம்பழத்துக்குப் பெயர் தாரணி. மாமியாராக வரப்போகிற அத்தைக்காரி சொந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிரபுவின் பெரியப்பா புதிதாகத் தறி ஷெட் போட்டார், தாரணி வந்து கால் வைத்தால்தான் மோட்டாரைப் போடுவேன் என்று நின்றார். ஒரு சித்தி கிணறு தோண்டுகிற இடத்துக்குக் கூப்பிட்டார். இன்னொருவர் கார் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணு, அந்த ஆறாவது விரல் மட்டும் பிரேக்கில் படட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு கிடைக்கிற பெண்ணை ஊர் ஊராக நடக்க வைத்தார்கள். போன இடமெல்லாம் செருப்பைக் கழற்று, காலைக் காட்டு, போட்டோ எடு. எனக்குச் சிரிப்பாக இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லச் சொன்னது விரல் இருக்குதுன்னுங்க. ராசின்னு யாரு சொல்லச் சொன்னாங்க? நாளைக்கு ஒரு கோழி செத்தா அதுவும் என் காலாலதான்னு ஆயிருமுங்க."

அப்படியெல்லாம் ஆகாது, நல்லவர்கள் என்றேன். நல்லவர்கள்தான், யார் இல்லை என்றது என்றாள். நான் போய் மாமியாரிடம் பேசட்டுமா என்று கேட்டதற்கு, பத்திரிகை அடிக்கிற நேரத்தில் வேண்டாம், அம்மா தாங்க மாட்டார் என்று எழுந்து போய்விட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன், ஒரு வீட்டார் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்து ஆடினால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எதற்காகத் தூக்கினார்கள் என்று கேளுங்கள். அதே காரணத்துக்காகத்தான் கீழே போடுவார்கள்.

அந்தக் கோடையில் பிரபு வீட்டில் கோழிகளுக்குப் புது ஷெட் கட்டி முடித்தார்கள். பழைய மாதிரித் திறந்த ஷெட் இல்லை. நாலு பக்கமும் அடைத்து, ஆளுயர ஃபேன்கள் வைத்து உள்ளே காற்றை இழுக்கிற ஷெட். கடன் வாங்கிக் கட்டியது. தாரணியைக் கூப்பிட்டுக் கால் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் குஞ்சு இறக்கினார்கள். கோழி வளர்ந்து, லாரி வந்து ஏற்றுகிற பருவத்தில், மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியான வெயிலில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஜெனரேட்டர் ஓடவில்லை. அடைத்த ஷெட்டுக்குள் காற்றில்லாமல் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செத்தன. திறந்து பார்த்தபோது ஷெட்டில் இருந்த கோழிகளில் பாதி காலி.

அன்றிலிருந்து அத்தைக்காரியிடமிருந்து தாரணிக்குப் போன் வரவில்லை. கண்ணு என்று கூப்பிடக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போன் போட்டவர். சொந்தக்காரர்கள் வாய் மட்டும் ஓயவில்லை. ஆறு விரல் சில ஜாதகத்துக்கு ஆகும், சிலதுக்கு ஆகாது என்று ஒருத்தர். பெருவிரல் பக்கம் இருந்தால் புருஷன் வீட்டுக்கு ஆகாது என்று இன்னொருத்தர். காரில் கால் வைக்கச் சொன்ன அதே ஆள்தான் இதைச் சொன்னவர் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

தாரணி சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் செக்கிங் புத்தி வேலை செய்தது. பீஸில் ஓட்டை என்றால் எந்த மிஷினில் விழுந்தது என்று பார்க்க வேண்டுமா இல்லையா? எல்லாரும் காலைப் பார்க்கிறார்களே, ஜெனரேட்டரை ஒருத்தராவது பார்த்தார்களா? பல்லடம் பஸ் ஏறினேன்.

பிரபு பண்ணையில் தனியாக இருந்தான். செத்த கோழிகளைக் குழியில் போட்டு மூடிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. உட்காரக்கூடச் செய்யாமல் கேட்டேன், ஜெனரேட்டர் ஏன் தம்பி ஓடவில்லை என்று. அவன் தரையைப் பார்த்தான். ரிப்பேரா என்றேன். இல்லை என்று தலையாட்டினான்.

"டீசல் இல்லீங்கக்கா. மொத நாளே ஊத்தியிருக்கோணும். மறந்துட்டனுங்க."

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அவர் வந்து பார்ப்பதற்குள் டீசல் ஊற்றி, மிஷின் மக்கர் பண்ணிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் வீட்டில் தாரணியின் கால் என்ற பேச்சு வந்ததும் இவன் வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் அவனே தன்னை அறைந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நேரே அவன் அப்பாவிடம் போய் உடைத்திருப்பீர்கள். கல்யாணம் பிழைக்கும், உங்களுக்கும் நல்ல பெயர். நானும் ஷெட்டிலிருந்து வீட்டுப் பக்கம் பாதி தூரம் நடந்துவிட்டேன். அப்புறம் நின்றேன். நான் போய்ச் சொன்னால் தாரணிக்குக் கிடைப்பது மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அவனாகச் சொன்னால்தான் ஒரு புருஷன் கிடைப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் காலம் முழுக்க அவள்தான் அனுபவிக்க வேண்டும். திரும்பிப் போய் அவனிடம் சொன்னேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நீ. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே பெண் வீட்டைப் பேச வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். கழுத்தை அறுத்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். காபி வந்தது, முறுக்கு வந்தது, மழை இல்லாததைப் பற்றிப் பேச்சு வந்தது. பிரபு வாசல் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். தாரணி வேலைக்குப் போகிற உடையில், ஷூவைக்கூடக் கழற்றாமல் வராந்தா நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காக எல்லாருமே வராந்தாவில் உட்கார்ந்தோம். கடைசியில் பிரபுவின் அம்மா புடவை நுனியைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார்.

"கண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. எங்க நேரமுங்க. ஆஸ்பத்திரில அந்த வெரலை மட்டும் எடுத்துப்போட்டு வந்தாச்சுன்னா, குறிச்ச தேதியிலயே வெச்சுக்கலாமுங்க."

தாரணியின் அம்மா நிமிரவே இல்லை. எடுத்துடலாமுங்க, நாளைக்கே எடுத்துடலாமுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், பெண்ணுக்கு அமைந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்கிற பயம். நான் பிரபுவைப் பார்த்தேன். அவன் தூணைப் பார்த்தான். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று யாராவது கேட்டால், அந்த வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வேன்.

தாரணி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வலிச்சா எடுப்பனுங்க அத்தை. கோழி செத்ததுக்கு எடுக்க மாட்டனுங்க."

சொல்லிவிட்டு எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவள் அம்மா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழி உடைகிற சத்தம் காதில் கேட்டேவிட்டது. நானும் எழுந்தேன், சொன்ன வாக்குப்படி அவளைக் கூட்டிக்கொண்டு போக.

"டீசல் இல்லீங்கப்பா" என்றான் பிரபு.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவன் வந்து நடுவில் நின்றான். ஜெனரேட்டரில் டீசல் ஊற்றாமல் விட்டது தான் என்றும், மிஷின் மக்கர் என்று சொன்னது பொய் என்றும், கோழி செத்தது தன்னால்தான் என்றும் சொன்னான். ஒன்றையும் விட்டுவிடாமல் சொன்னான். அவன் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் திட்டியதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. பிரபுவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாரணி அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. அவனை மட்டும் பார்த்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"பயந்துட்டனுங்க. உங்க கால் மேல போட்டாங்க, எனக்கு அது சவுகரியமாப் போச்சு. செஞ்சது தப்புங்க."

தாரணி கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மாமியாராக வரவேண்டியவர் பக்கம் திரும்பி, அப்படியென்றால் கோழி விலை ஏறியதும் என்னால் இல்லைதானே அத்தை என்று நிதானமாகக் கேட்டாள். அந்த அம்மா ஆமாம் கண்ணு என்று தலையை ஆட்டினார். இந்த ஒரு தலையாட்டலை வாங்க அந்தப் பெண் எத்தனை ஷெட்டில் கால் வைக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. முடிவு அவள் கையில் இருந்தது. அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரபுவைப் பார்த்து, உங்கள் சொந்தம் முழுக்க என் காலைப் பார்த்தாயிற்று, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவன் இல்லை என்றான். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது என்றான். அவள் குனிந்து வலது கால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினாள்.

"பாருங்க. பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

அவன் கீழே குந்தி உட்கார்ந்தான். கோழிக்குஞ்சின் காலைப் பார்க்கிறவன் அல்லவா, அவசரமில்லாமல் பார்த்தான். ராசி என்பானோ, அழகு என்பானோ, சினிமா மாதிரி ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவானோ என்று எனக்கு ஒரே பதைப்பு. அவன் ஒரு விரலை நீட்டி, தொடாமல், அந்த இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் காட்டினான்.

"இங்க புண்ணாயிருக்குதுங்களே. ஷூ அகலம் பத்தலீங்களா? நடந்தா வலிக்குமே."

நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். விரல் இரண்டும் உரசி உரசித் தோல் காய்த்து, ஒரு இடத்தில் வெடித்து, சாக்ஸில் ரத்தக் கறைகூட இருந்தது. அந்தக் காலை எத்தனை பேர் பார்த்தோம், எத்தனை போட்டோ எடுத்தார்கள், செக்கிங் கண் என்று பீற்றிக்கொள்கிற நானும்தான் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் விரல்தான் தெரிந்தது.

வெளிநாட்டுக்காரனுக்கு வாய் ஓயாமல் பதில் சொல்கிற பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே அவனுக்குப் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. ரொம்ப நாளா வலிக்குதுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அப்போதுதான் முதல்முறையாக மகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.